வாசலில் நின்ற அண்ணன்

காலையில் வானொலியைத் திருப்பினால் எங்கள் தெரு பேசிக்கொண்டிருக்கும். "கே தோர்சே கவலை தெரிவித்துள்ளது." "கே தோர்சே மறுத்துள்ளது." "கே தோர்சே பொறுமை காக்கிறது." முகம் மழித்துக்கொண்டே கேட்பேன், எரிச்சலாக வரும். சேன் நதிக்கரையில் நீளமாகக் கிடக்கிற ஒரு தெருவின் பெயர் அது. கல், மரம், புறா எச்சம், பேருந்து நிறுத்தம், அவ்வளவுதான். அந்தத் தெருவில் வெளியுறவு அமைச்சகத்தைக் கட்டிவைத்த பிறகு, அமைச்சகம் செய்வதையெல்லாம் தெரு செய்வதாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். உள்ளே வேலை பார்த்த எங்களுக்கு அந்தப் பெயரும் நீளம். வெறும் 'கரை' என்போம்.

என் ஆயுளில் பாதியைக் கரையில் கழித்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் டவாலி. கறுப்பு வால்கோட்டு, வெள்ளைக் கையுறை, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. மந்திரியின் அறைக்கு முன்னால் உள்ள கூடத்தில் நிற்க வேண்டும். வந்தவரை உட்காரவைக்க வேண்டும். மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டும். நாங்களாக வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில். நாற்காலி பேசுமா, மேசை பேசுமா, அந்த வகையில்தான் எங்களையும் சேர்த்திருந்தார்கள். நின்று நின்று வீங்கிய கால்கள் இன்றைக்கும் வெந்நீர் கேட்கின்றன.

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. வலது பலகை என்னுடையது, இடது பலகை சவேரியு காசால்தாவுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், ஒன்று முந்தினால் அசிங்கம். அதனால் ஒருவன் மூச்சு விடுவதை வைத்தே இன்னொருவன் கையை நீட்டுகிற அளவுக்கு எங்களுக்குள் பழகிப்போயிற்று. அவன் கோர்சிக்காத் தீவுக்காரன், நான் வடமேற்கே பிரெத்தாஞ் கடலோரத்துக்காரன். என் பெயர் கொராந்தேன் என்பது அவனுக்கு மறந்தே போயிருக்கும், கடைசிவரை ஊரை வைத்து "பிரெத்தோன்" என்றுதான் கூப்பிட்டான். கோர்சிக்காக்காரனுக்கு உழைப்பு ஆகாது என்று பாரிஸில் கேலி பேசுவார்கள். நிற்கிற வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சவேரியு ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. மலையூர். கோதுமை விளையாது. கஷ்கொட்டை மரங்கள்தான் சோறு போடும், அந்தக் கொட்டையை அரைத்த மாவில்தான் கூழும் ரொட்டியும். மரம் போடுகிற சோறு எல்லாருக்கும் போதாதே. அதனால் பிள்ளைகள் தலையெடுத்ததும் ராணுவம், சுங்கம், கப்பல், போலீஸ் என்று போய்விடும். போனவனில் யார் எந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதுதான் ஊரில் பேச்சு. சவேரியு மந்திரி நாற்காலிக்கு ஒரு கதவு தள்ளி நின்றான். அதைவிடப் பக்கத்தில் அந்த ஊரிலிருந்து எவனும் போனதில்லை.

அவன் யாரையும் ஏமாற்றவில்லை. சங்கிலியோடு அவன் நிற்கிற படம் ஊர்ச் சாராயக்கடையில் தொங்குகிறது. கதவு திறக்கிறவன் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர்கள் கணக்கு வேறு. அதை அவனுடைய மைத்துனன் மத்தேயுவே எனக்குச் சொல்லியிருக்கிறான், ஒரு தடவை பாரிஸ் வந்தபோது.

"மந்திரி இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான். கதவு தொறக்கறவன் எங்கயும் போகமாட்டான். அப்ப யாரைப் பிடிக்கணும்? நீயே சொல்லு."



ஆகவே பொட்டலங்கள் வரும். ஊரிலிருந்து யார் பாரிஸ் வந்தாலும் கையில் ஒரு பொட்டலமும் வாயில் ஒரு கோரிக்கையும் இருக்கும். மகனுக்குத் தீவுக்குள்ளேயே மாற்றல் வேண்டும். விதவைக்கு ஓய்வூதியம் நின்றுவிட்டது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த மருமகளுக்குக் காகிதம் சரியில்லை. இதில் பாதிக்கும் வெளியுறவுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள். "எல்லாம் உள்ளுக்குள்ள ஒண்ணுதானே அண்ணே." பொட்டலத்தில் பன்றி ஈரல் சாசேஜ், கஷ்கொட்டை மாவு, ஆட்டுப்பால் கட்டி. மந்திரிக்குக் கொடுக்கச் சொல்லி அனுப்பியது. மந்திரிக்குப் போனதில்லை. தின்றது நானும் அவனும்.

அந்தப் பால்கட்டியின் நாற்றம் இருக்கிறதே, செத்தவனை எழுப்பும். ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுபோக மறந்து எங்கள் உடைமாற்றும் அலமாரியில் வைத்துவிட்டான். மறுநாள் ஒரு நாட்டின் தூதர் வந்திருக்கிறார். கூடத்தில் மூக்கைச் சுளிக்கிறார். மந்திரி வெளியே எட்டிப்பார்த்து, "என்ன வாசனை இது?" என்று கேட்டார்.

"நதியிலேருந்து வருதுங்க ஐயா," என்றான் சவேரியு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மந்திரியிடம் அவன் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"முடியாதுன்னு சொல்லித் தொலையேன்யா," என்பேன் நான். "எதுக்கு இந்தச் சுமை?"

"எங்க ஊர்ல முடியாதுன்னு சொன்னா, நாளைக்கு நான் செத்தா பொணம் தூக்க ஆள் வராது."

அதனால் எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வான். "பார்க்கலாம்." சொல்லிவிட்டு ஒன்றும் செய்யமாட்டான். செய்ய என்ன இருக்கிறது? ஆனால் அரசாங்கம் ஆமை மாதிரி, மெதுவாகவாவது நகர்கிற பிராணி. சில மாதத்தில் மாற்றல் தானாக வரும். ஓய்வூதியம் தானாக வரும். ஊரில் சவேரியு பெயரைச் சொல்லி ஒரு கோப்பை ஊற்றுவார்கள். வராமல் போனவர்களும் அவனுக்குச் சக்தி இல்லை என்று நினைக்கவில்லை. "அவருக்கு மனசு வரல. எங்கப்பாவுக்கும் அவங்கப்பாவுக்கும் நடந்த சண்டையை இன்னும் மறக்கல போல," என்பார்கள். நடந்தாலும் அவன் பெயர், நடக்காவிட்டாலும் அவன் பெயர். இதை நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், திவோத்தா வருகிறவரைக்கும்.

திவோத்தா அவனுக்கு ஒரே தங்கை, மத்தேயுவின் மனைவி. கோடை தொடங்குகிற நேரத்தில் கறுப்பு உடுப்போடும் ஒரு பன்றித் தொடையோடும் வந்து இறங்கினாள். அவர்களுக்கு ஒரே மகன், லிசாந்த்ரு, சரக்குக் கப்பலில் மின்வேலை செய்கிறவன். தூரத்து நாடொன்றில் கப்பல் நின்றபோது துறைமுகத்தில் நின்று தோழர்களோடு படம் எடுத்திருக்கிறான். பின்னால் ராணுவக் கப்பல் நின்றது அந்த மடையனுக்குக் கண்ணில் படவில்லை. உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அந்த நாட்டுப் பெயர் வேண்டாம், இப்போது அங்கே ஆட்சியே மாறிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தேயுவுக்கு நுரையீரல் போய்க்கொண்டிருந்தது. கஷ்கொட்டை உதிர்கிற காலம்வரை தாங்கினால் பெரிது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மத்தேயு மருந்தையும் கேட்கவில்லை, பாதிரியாரையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். பையனை ஒருதடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும்.

"அதான் வந்தேன்," என்றாள் திவோத்தா, பன்றித் தொடையைச் சமையலறை மேசையில் வைத்து. "நீ மந்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு அண்ணே."

சவேரியுவுக்கு வழக்கமான அந்தப் "பார்க்கலாம்" வாயில் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அமைச்சகத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே ஒரு அம்மாள் திவோத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷி, பூசி மெழுகவில்லை. பேச்சு நடக்கிறது, அங்கே நம் தூதர் தினமும் அலைகிறார், எப்போது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது, என்றார். திவோத்தா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணனிடம் சொன்னாள்: "அந்தம்மா பாவம், நல்லாத்தான் பேசுறா. ஆனா அதெல்லாம் நாதி இல்லாதவங்களுக்கு. எனக்கு நீ இருக்கியே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அறை வீடு, அவன் மனைவி போன பிறகு சுத்தமாகவும் வெறுமையாகவும் இருந்தது. வானொலியில் செய்தி. கைதான மாலுமி விஷயத்தில் கே தோர்சே நம்பிக்கையோடு இருக்கிறது, என்றான் வாசிக்கிறவன். திவோத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்பிக்கையா இருக்கியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் சிரித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கரை என்றால் அவன்தான். இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே கே தோர்சே, எதிரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவள் தினமும் வர ஆரம்பித்தாள். உள்ளே அல்ல. தெருவைக் கடந்தால் நதிக்கு முன்னால் இடுப்புயரக் கல் சுவர் ஓடுகிறது அல்லவா, அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்வாள். வெயிலானால் முக்காடு, மழையானால் குடை. எங்கள் கூடத்து ஜன்னல் திரையை விலக்குவது சவேரியுவின் காலை வேலை. விலக்கினால் எதிரே ஒரு கறுப்புப் புள்ளி. கையசைக்கமாட்டாள், கூப்பிடமாட்டாள், ரொட்டியைப் பிய்த்து மெதுவாகத் தின்றுகொண்டு கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கரை கவலைப்படுகிறது என்று தினம் தினம் வானொலி சொன்னதே, அந்தக் கோடை முழுக்க அது உண்மையாக இருந்தது.

சவேரியு இளைத்துப்போனான். கதவைத் திறக்கும்போது அவன் மூச்சு பிந்தியது, என் பலகை முந்திக்கொண்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மந்திரிகிட்ட சொல்லித் தொலைச்சிடேன்யா. அதிகமா போனா என்ன பண்ணுவாங்க? கீழ அறைக்கு மாத்துவாங்க. அங்க நாற்காலியாவது இருக்கு."

"அதுக்குப் பயப்படலடா."

"பின்ன எதுக்கு?"

உள்ளே மணி அடித்தது, திறந்தோம், மூடினோம். அப்புறம் சொன்னான்.

"நான் கேட்டு, அவர் ஒண்ணும் முடியாதுன்னுட்டா? இப்ப அவளுக்கு நான் இருக்கேன்னு ஒரு தெம்பு இருக்கு. கேட்டப்பறம் அதுவும் போயிடும், பிரெத்தோன். கேக்காத வரைக்கும்தான் நான் பெரிய ஆளு."

எனக்கு அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. சொந்த ஊரில் எனக்கு இப்படி ஒரு பாரத்தை யாரும் ஏற்றிவிடவில்லையே என்று நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை.

இலை பழுக்கிற பருவத்தில் அரசாங்கம் மாறியது. எங்களுக்கு இது புதிதல்ல. பழைய மந்திரி மேசையைக் காலி செய்வார், புது மந்திரி முற்றத்தில் காரிலிருந்து இறங்குவார், இருவரும் கை குலுக்குவார்கள். பழையவர் படியிறங்கிப் போகும்போது சமையல்காரர் முதல் செயலாளர்வரை எல்லாரும் வரிசையாக நின்று கைதட்ட வேண்டும். அது எங்கள் இடத்து முறை. நல்லவர், கெட்டவர், நேற்று வந்தவர் எல்லாருக்கும் தட்டியாயிற்று. கையுறை போட்ட கைகளில் சத்தம் வராது. புறா சிறகடிக்கிற மாதிரி ஒரு மெத்தென்ற ஓசை, அவ்வளவுதான்.

அன்று காலை மந்திரி கடைசியாக அறையை விட்டு வெளியே வந்தார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் கதவைத் தாண்டினார். நான் என் பலகையை மூடினேன். இடது பலகை மூடவில்லை. திரும்பிப் பார்த்தால் சவேரியு கதவைப் பிடித்தபடி நிற்கிறான்.

"ஐயா," என்றான்.

மந்திரி நின்றார். நாற்காலி பேசியது போல அவருக்கும் இருந்திருக்கும்.

"அந்தக் கப்பல் பையன்... லிசாந்த்ரு... என் தங்கச்சி மகன்யா."

மந்திரி அவனைப் பார்த்தார். பல மாதமாகத் தினமும் பார்த்த முகத்தை முதல்முறையாகப் பார்க்கிற பார்வை.

"உங்க வீட்டுப் பையனா? எனக்குத் தெரியாதே," என்றார். பிறகு மெதுவாக, "நீங்க சொல்லியிருந்தாலும் இதுக்கு மேல ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது, சவேரியு. எல்லாம் ஏற்கனவே நடந்துகிட்டுதான் இருக்கு. பழம் அங்க பழுக்கணும். நாம இங்க இருந்து மரத்தை உலுக்க முடியாது," என்றார். தோளைத் தொட்டார். "அதோட, நான் இப்ப மந்திரி இல்லயே."

படியிறங்கிப் போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடி வரிசையில் நின்று கைதட்டினோம்.

வேலை முடிந்ததும் சவேரியு நேராகத் தெருவைக் கடந்து அந்தக் கல் சுவருக்குப் போனான். நானும் போனேன். திவோத்தா எழுந்து நின்றாள். அவன் நடந்ததைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"சொல்லிட்டேன்," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, கையுறையோடு முத்தமிட்டாள். அன்றே ஊருக்கு ரயில் ஏறிவிட்டாள். காரியம் முடிந்தது என்று மத்தேயுவிடம் சொல்ல வேண்டுமே.

கஷ்கொட்டை உதிர ஆரம்பித்தபோது மத்தேயு இறந்துபோனான். கடைசி நாட்களில் கட்டிலை வாசல் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னானாம். நாய் குரைத்தால் தலையைத் தூக்குவானாம். சவேரியுவுக்கு விடுப்புக் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.

குளிர் இறுகுவதற்குள் லிசாந்த்ருவை விட்டுவிட்டார்கள். அந்த நாட்டில் ஏதோ விழா, பொது மன்னிப்பு, கூடவே இன்னும் பல நாட்டு மாலுமிகளும் வெளியே வந்தார்கள். கே தோர்சே மகிழ்ச்சி தெரிவித்தது. நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன், கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

டிசம்பரில் அவர்கள் ஊரில் பன்றி அறுப்பார்கள். அதற்கு வரச்சொல்லி லிசாந்த்ரு அழைத்தான். சவேரியு என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"நீயும் வா. தனியா போக எனக்குத் தெம்பு இல்ல."

ரயில், கப்பல், பிறகு வளைந்து வளைந்து ஏறுகிற பேருந்து. எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஊர்ச் சதுக்கத்தில் இறங்கியபோது ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கல்ல, அவனுக்கு. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. கிழவர்கள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தபால்காரர் ஒருவர் அப்போதே அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், மகளுடைய வேலை விஷயம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்.

துக்க வீடு என்பதால் ஜன்னல் பலகைகள் பாதி மூடியிருந்தன. ஆனால் மகன் திரும்பி வந்த வீடும் அதுதானே, அதனால் உள்ளே நீள மேசை போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. சத்தமாகப் பேசவும் தயக்கம், பேசாமல் இருக்கவும் முடியவில்லை. லிசாந்த்ரு எலும்பும் தோலுமாக ஓரத்தில் உட்கார்ந்து மாமனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். திவோத்தா பரிமாறினாள். அண்ணன் தட்டில் முதல் துண்டை வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணே. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இலையுதிர்ல நீ மந்திரிகிட்ட சொன்னே. சொன்னதும் என் புள்ள வந்துட்டான். ஒரு வார்த்தை." குரல் உயரவில்லை. "நான் கோடையிலயே வந்து சொன்னேனே. தினம் உன் ஜன்னல்ல வந்து உக்காந்தேனே. அந்த ஒரு வார்த்தையை அப்பவே சொல்றதுக்கு உனக்கு என்ன?"

மேசையில் கத்தி, முள்கரண்டி எல்லாம் நின்றுவிட்டன.

"உன் மச்சான் வாசலைப் பார்த்துகிட்டே போனாரு அண்ணே," என்றாள்.

சவேரியு உண்மையைச் சொன்னான். என் காதால் கேட்டேன்.

"திவோத்தா, என்னால ஒண்ணும் ஆகல. நான் சொன்னது எங்கயும் போகல. மந்திரி அன்னிக்கே பதவியில இல்ல. எத்தனையோ பேரை விட்டாங்க, இவனையும் விட்டாங்க. நான் கதவு தொறக்கறவன்மா. உங்க யாருக்கும் நான் எதுவும் செஞ்சதில்ல. மாத்தல், பென்ஷன், எதுவும் என்னால நடக்கல."

அப்பாடா, என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இறக்கிவைத்துவிட்டான்.

ஒருவரும் நம்பவில்லை. மேசையைச் சுற்றிப் பார்க்கிறேன், தபால்காரர் எனக்குக் கண்ணடிக்கிறார். பெரிய இடத்துக்காரன் இப்படித்தான் பேசுவான், உள்விஷயத்தை வெளியே விடுவானா, என்கிற சிரிப்பு. திவோத்தா மட்டும் சிரிக்கவில்லை.

"பொய் சொல்லாதே. செத்தவர் வீட்ல உக்காந்து பொய் சொல்லாதே. இவங்களுக்கெல்லாம் செஞ்சே. அந்த அர்ஜென்டினாக்காரிக்குச் செஞ்சே, யாருன்னே தெரியாதவளுக்கு. எனக்கு மட்டும் ஏன் தாமசம் பண்ணினே? அதை மட்டும் சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். நான் சாட்சி, கதவின் மற்றப் பலகையைப் பிடித்து நின்றவன், மந்திரி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க முடியும். சவேரியு மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினான்.

அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"பயந்துட்டேன்," என்றான். "வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா வந்திருப்பான்."

திவோத்தா ஒரு நீண்ட மூச்சு விட்டாள். கோடை முழுக்க அடக்கிவைத்திருந்த மூச்சு அது. பிறகு அழுதாள். புருஷன் போனதிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று லிசாந்த்ரு பிறகு எனக்குச் சொன்னான். பெண்கள் வந்து அவளைத் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். யாரும் சவேரியுவைப் பார்க்கவில்லை. காலையில் தொப்பி கழற்றியவர்கள், நாங்கள் மறுநாள் பேருந்து ஏறும்போது கழற்றவில்லை. தபால்காரர் மட்டும் ஓடி வந்து ஜன்னல் வழியே ஒரு பால்கட்டியைத் திணித்தார்.

கப்பலில் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். காற்று, குளிர், அந்த நாற்றம். எனக்கு ஆறவில்லை.

"ஏன்யா அப்படிச் சொன்னே? உண்மை தெரிஞ்ச ஆளு பக்கத்துலயே உக்காந்திருந்தேனே."

அவன் காலணியைக் கழற்றி வீங்கிய பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு யார் மேலயாவது கோபப்படணும்ல, பிரெத்தோன். பையனைப் புடிச்சு வெச்சவன் யாருன்னு அவளுக்குத் தெரியாது. மந்திரின்னா, அந்த ஆளு மாறிட்டாரு. கரை மேல கோபப்படுன்னு சொல்லவா? கோடை பூரா அதைத்தானே பார்த்துகிட்டிருந்தா. வெறும் கல்லு." பாதத்தைக் காலணிக்குள் திரும்ப நுழைத்தான். "நான்னா ஒரு மூஞ்சி இருக்கு. வருஷா வருஷம் போய் உக்காருவேன், திட்டட்டும்."

போனான். ஓய்வு பெற்ற பிறகும், நடக்க முடிந்தவரைக்கும், டிசம்பர் தவறாமல் போனான். அவள் முதல் துண்டை அவன் தட்டில் வைப்பாளாம், ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவான்.